டாப்டோன் கோல்ட்: 2009ல் வந்த தொகுப்பு 1968 போல ஒலிப்பது எப்படி?

கேள்வி: ‘டாப்டோன் கோல்ட்’ தொகுப்பைக் கேட்டேன். சோல், ஃபங்க், காஸ்பெல், ஆஃப்ரோபீட் எல்லாம் கலந்திருக்கிறது, ஆனாலும் ஒரே கை செய்த மாதிரி இருக்கிறது. 2009ல் வந்ததாம். கேட்டால் அறுபதுகளின் இசைத்தட்டு போல இருக்கிறது. இது எப்படி? நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கிறோம். வீட்டிலேயே இப்படிப் பதிவு செய்து, பின்னால் ஓர் எல்பி இசைத்தட்டாகத் தொகுக்க முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் முதலில் ஒன்று. பழைய மைக்கும் டேப் மெஷினும் வாங்கிவிட்டால் இந்தச் சத்தம் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். மெஷினுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது கடைசியில் வருவது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் எவ்வளவு தணிந்த சத்தத்தில் வாசிக்கிறார்கள், யார் எந்த இடத்தில் வாசிக்காமல் சும்மா இருக்கிறார்கள் என்பதெல்லாம் ரெக்கார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பழைய சத்தத்தின் பெரும்பகுதி அதுதான்.

டாப்டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை 2001ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கேப்ரியல் ராத்தும் நீல் சுகர்மனும் தொடங்கினார்கள். ராத் பேஸ் கிட்டார் வாசிப்பவர், ஒலிப்பதிவும் அவரே. சுகர்மன் டெனர் சாக்ஸ். புஷ்விக் பகுதியில் ட்ரவுட்மன் தெருவில் இரண்டு குடும்பங்கள் வசிக்கக்கூடிய ஒரு சாதாரண வீடுதான் அவர்களுடைய ஸ்டூடியோ. ‘ஹவுஸ் ஆஃப் சோல்’ என்று பெயர் வைத்தார்கள். பதிவுக்கு எட்டு ட்ராக் டேப், அதாவது எட்டுத் தனித்தனி ஒலித்தடங்கள் மட்டும். 2010ல் வந்த பாடகி ஷரோன் ஜோன்ஸின் ஆல்பம்கூட ஆம்பெக்ஸ் எட்டு ட்ராக் மெஷினில் எடுத்ததுதான். அந்த நேரத்தில் மற்றவர்கள் கணினியில் நூறு ட்ராக் வரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தொகுப்பில் ஷரோன் ஜோன்ஸும் அவருடைய குழுவான டாப்-கிங்ஸும், சார்லஸ் பிராட்லி, லீ ஃபீல்ட்ஸ், தேவாலயப் பாட்டான காஸ்பெல் பாடும் நவோமி ஷெல்டன், ஆஃப்ரோபீட் வாசிக்கும் ஆன்டிபாலாஸ், பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசிக்கும் பூடோஸ் பேண்ட், மெனஹன் ஸ்ட்ரீட் பேண்ட் என்று பெயர்கள் நிறைய. பெயர்கள்தான் நிறைய, ஆட்கள் அவ்வளவு இல்லை. மெனஹன் ஸ்ட்ரீட் பேண்ட் என்பதே டாப்-கிங்ஸ், ஆன்டிபாலாஸ், பூடோஸ் மூன்றிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்ததுதான். கிட்டார் வாசிக்கும் தாமஸ் பிரெனெக் பூடோஸிலும் இருந்தார், டாப்-கிங்ஸிலும் இருந்தார், பிராட்லியின் ஆல்பங்களையும் தயாரித்தார். ஒரே கை செய்த மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொன்னது ஏறக்குறைய நேர்ப்பொருளிலேயே உண்மை.

‘ரெட்ரோ’ என்ற சொல் இவர்களுக்குப் பாதிதான் பொருந்தும். வாசித்தவர்களில் பலர் இளைஞர்கள், பாடியவர்கள் அப்படி அல்ல. ஷரோன் ஜோன்ஸ் 1956ல் பிறந்தவர். சிறையில் காவலராகவும், பணம் கொண்டுபோகும் வண்டிக்குப் பாதுகாவலராகவும் வேலை பார்த்தவர். முதல் ஆல்பம் 2002ல் வந்தபோது வயது 46. சார்லஸ் பிராட்லி 1948ல் பிறந்தவர். ஜேம்ஸ் பிரவுனைப் போல வேடமிட்டுப் பாடிப் பிழைத்தவர். அவருடைய முதல் ஆல்பம் 2011ல்தான் வந்தது. லீ ஃபீல்ட்ஸ் 1969லேயே சிங்கிள் வெளியிட்டவர். அந்தக் காலம் கவனிக்காமல் விட்ட குரல்கள் இவை. அந்தக் குரல்களுக்குப் பொருந்தும்படி வாத்தியங்கள் அமைந்தன. தொகுப்பை இன்னொரு முறை கேட்கும்போது இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

இனி அந்த நான்கு வகைகள். நான்கும் ஏற்கெனவே உறவுக்காரர்கள். ரே சார்ல்ஸ் 1954ல் ஒரு காஸ்பெல் பாட்டின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக மாற்றியதைத்தான் சோல் இசையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். ஜேம்ஸ் பிரவுன் 1965லிருந்து 1967க்குள் அதிலிருந்து கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றங்களைக் கழற்றிக் கழற்றி ஃபங்க் செய்தார். நைஜீரியாவில் ஹைலைஃபும் ஜாஸும் வாசித்துக்கொண்டிருந்த ஃபெலா குட்டி 1969ல் அமெரிக்காவில் பல மாதங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்பி, டிரம்மர் டோனி ஆலனோடு சேர்ந்து ஆஃப்ரோபீட்டை உருவாக்கினார். அதனால் நான்கும் ஒரே இசைத்தட்டில் ஒட்டுவதில் வியப்பில்லை. ஆனால் வாசிக்கும் முறை வேறு வேறு. அங்கேதான் புதுக் குழுக்கள் தவறுகின்றன.

சோலில் கார்டுகள் நகரும், பாட்டு ஓர் இடத்திலிருந்து கிளம்பி வேறோர் இடத்துக்குப் போகும். ஸ்நேர் என்ற கூர்மையான டிரம், தாளத்தின் நான்கு தட்டுகளில் இரண்டாவது, நான்காவது தட்டில் விழும். கிட்டாரும் அதே தட்டில் ‘சக்’ என்று ஒரு வெட்டு வெட்டும். ஸ்நேரும் கிட்டாரும் சேர்ந்து ஒரே வாத்தியம் போலக் கேட்க வேண்டும். ஃபங்கில் கார்டு ஏறக்குறைய நிற்கும், முழு எடையும் முதல் தட்டில். அந்த முதல் தட்டில் எல்லோரும் சந்தித்துவிட்டு, மீதி மூன்று தட்டுகளில் ஆளுக்கொரு பக்கம் சிதறி, திரும்ப முதல் தட்டுக்கு வந்துசேர வேண்டும். புதிதாக வாசிப்பவர்கள் நடுவிலேயே எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார்கள், அப்போது முதல் தட்டு விழுந்ததே தெரியாது. காஸ்பெலில் முன்பாட்டும் பின்பாட்டும்தான் உயிர். நம் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்கக் கூட்டம் திருப்பிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாட்டு முடிகிற இடத்தில் இரண்டு கார்டை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே போவார்கள். அந்த இடத்தில் டிரம்மர் வேகத்தைக் கூட்டக் கூடாது, சத்தத்தைத்தான் கூட்ட வேண்டும்.

ஆஃப்ரோபீட்தான் நால்வரில் கடினம். ஒரு கிட்டார் உள்ளங்கையால் கம்பியை அழுத்திக்கொண்டு ஒற்றைச் சுரங்களில் ஒரே வரியைப் பத்து நிமிடம் மாற்றாமல் வாசிக்கும், இன்னொன்று மேலே கார்டை வெட்டும். பேஸ் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பேசும். ஷேக்கரே (மணிகள் கோத்த சுரைக்குடுக்கை), குச்சித் தட்டு, காங்கா (கையால் வாசிக்கும் உயரமான டிரம்) மூன்றும் தனித்தனிச் சுழற்சி. டோனி ஆலனின் டிரம்ஸ் இவற்றோடு உரையாடும், எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்காது. வழக்கமான தவறு, டிரம்மர் ஃபங்க் தாளத்தை அப்படியே இங்கே கொண்டுவருவது. ஸ்நேர் ஓங்கி விழுந்தால் ஷேக்கரேயின் இடம் போய்விடும். இன்னொரு தவறு, இரண்டு கிட்டாரும் ஒரே சுர உயரத்தில் வாசிப்பது. ஒன்று கீழே, ஒன்று மேலே என்று ஒத்திகையிலேயே பிரித்துவிடுங்கள். மிக்ஸில் அதைச் சரிசெய்யவே முடியாது.

பதிவுக்கு வருவோம். கணினியில்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றாலும் எட்டு ட்ராக்குக்கு மேல் திறக்காதீர்கள். டிரம்ஸ் ஒன்று, பேஸ் ஒன்று, கிட்டார் ஒன்று, ஆர்கன் ஒன்று, ஊதுவாத்தியங்களான ஹார்ன்கள் ஒன்று, சின்னத் தாள வாத்தியங்கள் ஒன்று, பாடகர் ஒன்று, பின்பாட்டு ஒன்று. எட்டு முடிந்தது. இரண்டாவது கிட்டார் வேண்டுமென்றால் முதல் கிட்டாரோடு சேர்த்து ஒரே மைக்கில் பிடியுங்கள். இந்தக் கட்டுப்பாடு பழமைப் பற்றுக்காக இல்லை. மூன்று ஹார்ன்கள் ஒரே ட்ராக்கில் இருந்தால் அவற்றின் அளவை அப்புறம் மாற்ற முடியாது. அதனால் வாசிப்பவர்களே அறையில் தங்களைச் சமன்செய்துகொள்வார்கள். நீங்கள் தேடுகிற சத்தம் அந்தச் சமனிலிருந்து வருகிறது.

டிரம்ஸுக்கு இரண்டு மைக் போதும். ஒன்று காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு முன்னால், இன்னொன்று ஸ்நேருக்கு மேலே சுமார் 1 மீட்டர் உயரத்தில், டிரம்மரின் தோள் பக்கமிருந்து ஸ்நேரைப் பார்த்தபடி. ஸ்நேரின் மேல் மெல்லிய துண்டையோ கைக்குட்டையையோ பாதிக்கு மூடும்படி விரியுங்கள். ‘டங்’ என்று நீளும் ஒலி ‘டப்’ என்று குறுகும். கிக்குக்குள் ஒரு போர்வை. இரண்டு மைக்கையும் சேர்த்துக் கேட்கும்போது கிக்கின் கனம் குறைந்து தக்கைபோலக் கேட்டால், ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்கீழ்த் திசையை, திருப்பிப் பாருங்கள். கனம் எந்தப் பக்கம் வருகிறதோ அதுவே சரி. இதையெல்லாம் செய்த பிறகும் பதிவு இரைச்சலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஜால்ரா போன்ற இரட்டைத் தட்டான ஹைஹேட். இன்றைய டிரம்மர்கள் ஹைஹேட்டை ஸ்நேருக்குச் சமமாக அடிக்கிறார்கள். மேலே ஒற்றை மைக் இருக்கும்போது அதுதான் எல்லாவற்றையும் மூடும். மைக்கை நகர்த்திப் பயனில்லை. ஹைஹேட்டைக் குச்சியின் நுனியால் மெதுவாகவும் ஸ்நேரை அழுத்தமாகவும் அடிக்கக் கை பழக வேண்டும். ஒரு வாரப் பயிற்சி, ஆனால் எந்தக் கருவியும் தராத மாற்றம் அதில் கிடைக்கும்.

பேஸுக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடுங்கள். வழுவழுப்பான பட்டைச் சுற்றுக் கம்பி, விரல் உரசும் சத்தம் இருக்காது. பிரிட்ஜின் அருகே கம்பிகளுக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பான்ஜ் செருகினால் சுரம் நீளாமல் உருண்டையாக நிற்கும். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த மாதிரிக் கம்பியில், வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். கிட்டாருக்கு உடையாத சுத்தமான சத்தம், சின்ன ஆம்ப், கொஞ்சம் கனமான கம்பி. டிஸ்டார்ஷன் பெடலைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ஹார்ன்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ட்ரம்பெட், டெனர், பாரிடோன் மூவரையும் ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்துங்கள். மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக் இருந்தால் நல்லது, ட்ரம்பெட்டின் கூர்மையை அது மழுக்கித் தரும். இருபுறமும் கேட்கும் மைக் என்பதால் சாக்ஸ்கள் இரண்டும் ஒரு பக்கம், ட்ரம்பெட் எதிர்ப்பக்கம் நிற்கலாம். பாரிடோன் மைக்கிலிருந்து அரை மீட்டர், டெனர் முக்கால் மீட்டர், ட்ரம்பெட் ஒன்றரை மீட்டர் என்று தொடங்குங்கள். தூரம் இரட்டித்தால் நேரடிச் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், ஆகவே ஓரடி முன்பின் நகர்வதே இங்கே மிக்ஸிங். காதில் ஹெட்ஃபோனோடு ஒருவர் உட்கார்ந்து, ‘ட்ரம்பெட் அரையடி பின்னால்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றும் மூன்றாகக் கேட்பது நின்று, பெயர் சொல்ல முடியாத ஒரே பெரிய வாத்தியமாகக் கேட்கும் நொடி ஒன்று வரும். அங்கே தரையில் டேப் ஒட்டி மூவரின் பாதங்களையும் குறித்துவிடுங்கள். ட்ரம்பெட்டின் வாய் ரிப்பனை நேராகப் பார்க்கக் கூடாது, காற்று பட்டாலே ரிப்பன் நெளிந்துவிடும். மைக்குக்குக் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் பேன்டம் பவரையும் அணைத்து வையுங்கள்.

சுருதி விஷயம்: பித்தளை வாத்தியங்கள் குளிர்ந்திருக்கும்போது இறங்கியும், ஊதிச் சூடேறியதும் ஏறியும் நிற்கும். ஆர்கன் நகராது. ஏசி அறைக்குள் வந்தவுடன் சுருதி சேர்த்துவிட்டுப் பதிவுக்குப் போனால் மூன்றாவது டேக்கில் ஹார்ன்கள் ஆர்கனுக்கு மேலே போயிருக்கும். இருபது நிமிடம் ஊதவிட்டுப் பிறகு சேருங்கள், இடைவேளைக்குப் பின் மறுபடியும் சேருங்கள்.

ஷேக்கரே, காங்கா, குச்சி மூன்றுக்கும் இதே முறை, ஒரே மைக். காங்கா அருகில், ஷேக்கரே இரண்டடி பின்னால், குச்சி அறையின் மூலையில். குச்சியின் ‘டிக்’ கூர்மையானது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கேட்கும்.

டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன் நால்வரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் 3 மீட்டருக்குள் உட்காருங்கள். ஒலி 3 மீட்டரைக் கடக்கச் சுமார் 9 மில்லி விநாடி ஆகும், அதைக் காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தள்ளினால் தாளம் இழுக்கும். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசியும், கசியட்டும். கிட்டார் மைக்கில் கசியும் ஸ்நேர்தான் அறையின் வாசனை. கசிவு கெடுதலாவது அறை எதிரொலிக்கும்போது மட்டும்தான். வெறும் சுவர்களும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எடுத்தால் கிணற்றுக்குள் வாசித்ததுபோல வரும். இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கைச் சுவரில் சாய்த்து, தரையில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள். முட்டை அட்டை ஒட்டாதீர்கள், அதனால் பெரிதாக எதுவும் குறையாது, தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

காதில் தாளம் எண்ணித் தரும் கிளிக் ட்ராக் வேண்டாம். நல்ல குழு கோரஸில் ஒரு துளி வேகம் கூடும், அடுத்த சரணத்தில் தணியும். கிளிக் அந்த மூச்சை நிறுத்திவிடும். ஆனால் ஒன்று: கிளிக் இல்லாமல் எடுத்ததை அப்புறம் வெட்டி ஒட்டுவது கடினம். ஆகவே பிழை வந்தால் எல்லோரும் முதலிலிருந்து. ஆறு டேக்குக்குள் வரவில்லையென்றால் குறை கையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. யாரோ ஒருவர் அதிகமாக வாசிக்கிறார் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துக் குறைத்துவிட்டு மறுபடி எடுங்கள். தாளக் கூட்டம் அமைந்த பிறகு ஹார்ன்கள், அதன் பிறகு குரல். பின்பாட்டுப் பாடுபவர்கள் ஒரே மைக்கைச் சுற்றி 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கட்டும்.

கணினியில் உள்ளே வரும் அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டாம். டேப் போன்ற நிறம் தரும் பிளகின் மென்பொருளை மொத்த மிக்ஸில் ஒரே ஒரு இடத்தில் போடுங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் போட்டால் சேறு. எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் குரலுக்குக் கொஞ்சம், ஸ்நேருக்கு ஒரு துளி. இசைத்தட்டின் கீறல் சத்தம், டேப்பின் ‘ஸ்ஸ்’ ஓசை ஆகியவற்றைச் செயற்கையாகச் சேர்ப்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன். அறுபதுகளின் பொறியாளர்கள் அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் இரவு பகல் பாடுபட்டார்கள். மிக்ஸை முதலில் மோனோவில் முடியுங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் ஒவ்வொரு வாத்தியமும் கேட்டால் வேலை முடிந்தது. கேட்காவிட்டால் ஸ்டீரியோ அதை மறைக்கும், தீர்க்காது.

உண்மையான டேப் மெஷின்தான் வேண்டும் என்றால் அரை அங்குல எட்டு ட்ராக் மெஷினை விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓட்டுங்கள். அடிச்சுரங்கள் கொஞ்சம் புடைத்து வருவது அந்த வேகத்தின் குணம். டேப் உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதும் காந்தம் நீக்குவதும் வழக்கமாக வேண்டும். எழுபது, எண்பதுகளின் பழைய டேப்பை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றின் பசை ஈரப்பதத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கடைசியாக எல்பி. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் வசதியானது. 22ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டியிருப்பதால் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும், பேஸ் மெலியும். 12 நிமிட ஆஃப்ரோபீட் ஒன்றை வைத்தாலே பாதிப் பக்கத்துக்கு மேல் போய்விடும். ஆகவே தொகுப்புக்கென்று 5 நிமிடத்துக்குச் சுருக்கிய ஒரு வடிவத்தை வெட்டி ஒட்டாமல் தனியாக வாசித்தே எடுத்துவையுங்கள். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள் விளிம்பில் சுமார் 21தான். அதனால் உள்ளே போகப்போக உயர்ந்த ஒலிகள் கரகரக்கும். ‘ச’, ‘ஸ’ நிறைந்த காஸ்பெல் கோரஸையும் ட்ரம்பெட் உச்சத்தில் கத்தும் பாட்டையும் பக்கத்தின் முதலில் வையுங்கள். கடைசி இடத்தை ஆர்கன் முன்னால் நிற்கும் மெதுவான வாத்தியப் பாட்டுக்குக் கொடுங்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் நடுவில், மோனோவில் இருக்கட்டும். பேஸ் ஒரு பக்கம் ஒதுங்கினால் ஊசி குதிக்கும்.

வரிசைப்படுத்தும்போது குரல் பாட்டு இரண்டுக்கு நடுவே ஒரு வாத்தியப் பாட்டு வந்தால் காது இளைப்பாறும். பாடல்களின் அளவை மீட்டரைப் பார்த்துச் சமன்செய்யாதீர்கள். ஆஃப்ரோபீட் விடாமல் ஓடிக்கொண்டிருப்பதால் மீட்டரில் எப்போதும் அதிகமாகக் காட்டும், காஸ்பெல் மெதுவாகத் தொடங்குவதால் குறைவாகக் காட்டும். குரலுள்ள பாட்டுகளில் குரலையும், மற்றவற்றில் ஸ்நேரையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காதாலேயே சமன்செய்யுங்கள். முழுப் பக்கத்தையும் நிறுத்தாமல் ஓடவிட்டு, கை வால்யூமைத் தேடிப் போகும் இடங்களை மட்டும் குறித்துத் திருத்துங்கள். எல்லாத் தட்டுகளையும் அச்சிடச் சொல்வதற்கு முன் சோதனைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதை மலிவான ஒரு பிளேயரிலும், நல்ல ஊசி உள்ள ஒன்றிலும் போட்டு, இரண்டு பக்கங்களின் கடைசிப் பாட்டையும் முதலில் கேளுங்கள்.